எதுவரை காத்திருப்பது?

தென்மேற்குப் பருவமழை தொடங்கிவிட்டால் நம் நாளிதழ்களில் ஒரு செய்தி தவறாமல் இடம்பெறும். ‘தரையிறங்க முடியாமல் வானில் வட்டமடித்த விமானம்: பயணிகள் பீதி’ என்பது ஏறத்தாழ அதன் வழக்கமான தலைப்பு. ஊரின் பெயர் மாறும். நிமிடக் கணக்கு மாறும். ‘முடியாமல்’, ‘வட்டமடித்த’, ‘பீதி’ ஆகிய மூன்று சொற்களும் மாறுவதில்லை. கலைச்சொல்லாக்கத்தை ஆய்வுப்பொருளாகக் கொண்டவன் என்ற முறையில் இச்சொற்களைச் சில காலமாகக் கவனித்து வருகிறேன். வானில் நிகழ்வதோ நிமிடக் கணக்குக்கும் பாகைக் கணக்குக்கும் உட்பட்ட ஒரு செயல். அதற்குத் தமிழில் நாம் வைத்திருக்கும் ஒரே வினைச்சொல் பருந்துக்கு உரியது.

கழக்கூட்டத்தில் வசிப்பவர்களுக்கு இது ஏட்டளவிலான சிக்கல் அன்று. திருவனந்தபுரம் விமான நிலையத்தின் ஓடுபாதை வடமேற்குக்கும் தென்கிழக்குக்கும் இடையே கிடக்கிறது. ஒரு முனையில் 14 என்றும் மறுமுனையில் 32 என்றும் எண்கள் எழுதப்பட்டிருக்கும். அவை காந்தத் திசைமானியின் 140, 320 பாகைகளைச் சுட்டுவன. 14-இல் இறங்கும் விமானம் தும்பா கடற்கரையையொட்டி வரும்; எங்கள் மொட்டைமாடியிலிருந்து அதன் விளக்குகளைப் பார்க்கலாம். 32-இல் இறங்குவது விழிஞம், கோவளம் பக்கமிருந்து வரும். இங்கு வந்திறங்குவோரில் பெரும்பகுதியினர் வளைகுடா நாடுகளில் உழைப்பவர்கள். அவர்களுக்காகக் காத்திருக்கும் வீடுகள் இந்த வட்டாரமெங்கும் உள்ளன. களியக்காவிளைக்கு அப்பால் கன்னியாகுமரி மாவட்டத்திலும் உள்ளன.

எங்கள் தெருவில், நாகர்கோவிலைச் சொந்த ஊராகக் கொண்ட, வான்போக்குவரத்துக் கட்டுப்பாட்டுப் பணியிலிருந்து ஓய்வுபெற்ற ஒருவர் இருக்கிறார். அண்ணாச்சி என்றுதான் அழைப்பேன். ‘வட்டமடித்தல்’ என்ற சொல்லை அவரிடம் காட்டியபோது சிரித்தார். “தம்பி, அதுல வட்டமே கிடையாது. நேரந்தான் உண்டு” என்றார். அவர் தாளில் வரைந்து காட்டியதைக் கூடியவரை எளிமையாக இங்கே தருகிறேன்.

வானில் ஒரு புள்ளி. தரையிலுள்ள வானொலிக் கலங்கரையாகவோ, செயற்கைக்கோள் கணக்கிட்டுத் தரும் இடமாகவோ அது இருக்கும். விமானம் அப்புள்ளியை ஒரு குறிப்பிட்ட திசையிலிருந்து வந்து கடக்க வேண்டும். கடந்ததும் வழக்கமாக வலப்புறம் அரைவட்டம் திரும்ப வேண்டும். எதிர்த்திசையில் நேராகச் செல்ல வேண்டும். மீண்டும் வலப்புறம் அரைவட்டம் திரும்பி, முதலில் வந்த அதே கோட்டில் புள்ளிக்குத் திரும்ப வேண்டும். ஆக, வடிவம் ஓட்டப்பந்தயத் தடத்தை ஒத்தது: இரு நேர்கோடுகள், இரு அரைவட்டங்கள். 14,000 அடி உயரம் வரை வெளிச்செல்லும் நேர்கோட்டுக்கு ஒரு நிமிடம். அதற்கு மேல் ஒன்றரை நிமிடம். நொடிக்கு மூன்று பாகை வீதம் திரும்பும் சிறு விமானத்துக்கு ஒரு சுற்று நான்கு நிமிடம். வேகமான ஜெட் விமானத்துக்குச் சற்றுக் கூடுதல். பல விமானங்கள் வந்துவிட்டால் ஒன்றன்மேல் ஒன்றாக ஆயிரம் அடி இடைவெளியில் அடுக்கப்படும். கீழே இருப்பது இறங்கியதும் மேலே இருப்பவை ஒவ்வொரு படியாகக் கீழிறங்கும்.

புள்ளிக்கு எத்திசையிலிருந்து வந்து சேர்கிறோம் என்பதற்கும் விதி உண்டு. சுற்றிலுமுள்ள 360 பாகையும் 180, 110, 70 என மூன்றாகப் பகுக்கப்பட்டிருக்கின்றன. முதல் பகுதியிலிருந்து வருபவர் நேரே தடத்தில் சேரலாம். இரண்டாம் பகுதியிலிருந்து வருபவர் உள்வரும் கோட்டுக்கு இணையாகச் சற்றுத் தொலைவு எதிர்த்திசையில் சென்று திரும்ப வேண்டும். மூன்றாம் பகுதியிலிருந்து வருபவர் 30 பாகை விலகிச் சென்று வளைந்து வர வேண்டும். இறங்கத்தான் விடவில்லை, காத்திருக்க வரும்போதாவது மனம்போல் நுழையலாமா என்றால் அதுவும் கூடாது.

என்னை மிகவும் ஈர்த்தது காற்றைப் பற்றிய கணக்கு. பக்கவாட்டுக் காற்று விமானத்தைத் தடத்திலிருந்து தள்ளும். நேர்கோட்டில் செல்லும்போது மூக்கைக் காற்றின் பக்கம் சில பாகைகள் திருப்பி அதைச் சரிசெய்யலாம். வளைவில் திரும்பிக்கொண்டிருக்கும்போது அவ்வாறு செய்ய இயலாது. அந்த இரண்டு நிமிடமும் காற்று தள்ளியது தள்ளியதுதான். எனவே வெளிச்செல்லும் அந்த ஒரே நிமிடத்தில் தனக்குரிய திருத்தத்தோடு இரு வளைவுகளுக்குரிய திருத்தத்தையும் விமானி சேர்த்துச் செய்ய வேண்டும். உள்வரும்போது ஐந்து பாகை தேவைப்பட்டால் வெளிச்செல்லும்போது பதினைந்து பாகை என்பது விமானிகளிடையே வழங்கும் எளிய வாய்பாடு. கீழிருந்து பார்ப்பவருக்குச் சும்மா சுற்றிக்கொண்டிருப்பதாகத் தோன்றும் அந்த நேரத்தில் மேலே கடிகாரமும் காற்றும் இடையறாது கணக்கில் இருக்கின்றன.

இதனோடு உறவுடைய மற்றொரு செயல்முறை திசை மீள்தல். வடமேற்கிலிருந்து, அதாவது வளைகுடாப் பக்கமிருந்து வரும் விமானம் 32-ஆம் ஓடுபாதையில் இறங்க வேண்டியிருப்பதாகக் கொள்வோம். ஊர் வந்துவிட்டது, ஓடுபாதை கீழேயே கிடக்கிறது, ஆனால் விமானம் நோக்கியிருப்பது எதிர்த்திசை. கலங்கரையைக் கடந்து தென்கிழக்கே விலகிச் சென்று, உயரத்தைக் குறைத்து, திரும்பி, ஓடுபாதையின் நேர்கோட்டில் வந்து நின்றபின்தான் இறங்க முடியும். கட்டுப்பாட்டாளரின் ராடார் வழிகாட்டல் இல்லாதபோது இதற்கென வரையறுக்கப்பட்ட திருப்பங்கள் உள்ளன. அவற்றுள் ஒன்றில், வெளிச்செல்லும் கோட்டிலிருந்து 45 பாகை விலகி, பெரிய விமானமாயின் ஒரு நிமிடம் பதினைந்து நொடி நேராகச் சென்று, பின்னர் எதிர்ப்புறமாக 180 பாகை திரும்பி வர வேண்டும். இன்னொன்றில் 80 பாகை ஒருபுறம் திரும்பி, உடனே 260 பாகை மறுபுறம் திரும்ப வேண்டும். ஜன்னலோரப் பயணிக்கு வீட்டுக் கூரை தெரியும் வேளையில் விமானம் விலகிச் செல்வது ஏன் என்பதற்கு விடை இதுதான். அருகில் வந்துவிடுவது வேறு. இறங்குவதற்குரிய நிலையில் வந்து சேர்வது வேறு.

இனி, இப்பதிவை எழுதத் தூண்டிய செய்திக்கு வருகிறேன். காத்திருக்கச் சொல்லும் ஆணையில் எந்தப் புள்ளி, எவ்வளவு உயரம் என்பவற்றோடு இன்னொன்றும் இடம்பெற வேண்டும்: எத்தனை மணிக்கு இறங்க அழைப்பு எதிர்பார்க்கலாம் என்பது. ‘காத்திருங்கள்’ என்று மட்டும் சொல்லி நிறுத்தும் உரிமை கட்டுப்பாட்டாளருக்கு இல்லை. இடையில் வானொலித் தொடர்பு அறுந்துபோனாலும் கடைசியாகச் சொல்லி ஏற்கப்பட்ட அந்த நேரம் செல்லுபடியாகும். அந்த நேரத்தை ஒட்டியே விமானி கீழிறங்கத் தொடங்க வேண்டும் என்று விதி கூறுகிறது. குரல் நின்றுபோன பின்னும் நிற்கும் வாக்கு அது. மறுபக்கம், காத்திருப்பவருக்கும் ஒரு கடமை உண்டு. ஜெட் விமானம் எதுவாயினும், நிலையத்துக்கு மேல் 1,500 அடி உயரத்தில் முப்பது நிமிடம் காத்துப் பறப்பதற்கான எரிபொருளை இறுதி இருப்பாகக் கொண்டிருக்க வேண்டும். மாற்று நிலையத்துக்குச் செல்வதற்கான எரிபொருள் அதற்கு மேற்பட்டது. தன் இருப்பு எவ்வளவு, அது எதுவரை தாங்கும் என்பதை விமானி ஒவ்வொரு சுற்றிலும் அறிந்திருக்க வேண்டும். எல்லை நெருங்குகையில் அதை ஐயத்துக்கு இடமின்றிச் சொல்லவும் வேண்டும். ஒருவர் நேரம் சொல்ல, மற்றவர் இருப்பைச் சொல்ல, இரண்டும் சேர்ந்துதான் காத்திருப்பு பாதுகாப்பானதாகிறது.

நேரம் தெரிந்த காத்திருப்பு எவரையும் அச்சுறுத்துவதில்லை என்பதற்கு எங்கள் ஊரிலேயே சான்று உண்டு. பங்குனித் திருவிழாவிலும் ஐப்பசித் திருவிழாவிலும் பத்மநாபசுவாமி கோயிலின் ஆறாட்டு ஊர்வலம் சங்குமுகம் கடற்கரைக்குச் செல்லும் வழியில் ஓடுபாதையைக் கடக்கிறது. ஆண்டில் அந்த இரு நாள்களிலும் சில மணி நேரம் விமான நிலையம் மூடப்படுகிறது. விமானிகளுக்கான அறிவிப்பு முன்கூட்டியே வெளியாகும். கால அட்டவணை அதற்கேற்ப மாற்றப்படும். ஒரு பன்னாட்டு விமான நிலையமே வழிவிட்டு நிற்கிறது. பீதி என்ற சொல்லை எந்த நாளிதழும் அன்று அச்சிடுவதில்லை.

அந்த ஒப்பந்தத்தின் ஒரு பாதி சிதைந்தால் நேர்வது என்ன என்பதற்கு 1990 ஜனவரி 25 இரவு நியூயார்க்கில் நடந்ததைச் சொல்ல வேண்டும். கொலம்பியாவின் போகோட்டாவிலிருந்து மெடலின் வழியாக வந்த அவியாங்கா 52 என்ற போயிங் 707 விமானம் மோசமான வானிலை காரணமாக மூன்று இடங்களில், மொத்தம் 77 நிமிடம் காத்திருக்க வைக்கப்பட்டது. எரிபொருள் தீர்ந்துகொண்டிருந்தது. விமானிகள் தங்களுக்கு முன்னுரிமை வேண்டும் என்று கேட்டார்கள். ‘அவசரநிலை’ என்ற சொல்லை அவர்கள் பயன்படுத்தவே இல்லை. அவர்கள் செவியில் முன்னுரிமை என்பது அவசரத்துக்கு இணையாக ஒலித்திருக்கலாம். கட்டுப்பாட்டாளரின் செவியில் அது வழக்கமான வேண்டுகோளாகவே விழுந்தது. முதல் முயற்சியில் இறங்க இயலாமல் மேலெழும்பிய அவ்விமானம் இன்னொரு முறை ஓடுபாதையை வந்தடையவில்லை. லாங் ஐலண்டில் ஒரு குன்றுப்புறத்தில் விழுந்தது. 158 பேரில் 73 பேர் இறந்தனர். அமெரிக்க விசாரணை வாரியம் முதன்மைப் பொறுப்பை விமானிகள் மீதே வைத்தது. ஆனால் துணைக்காரணங்களுள் ஒன்றாக, எரிபொருள் குறைவையும் நெருக்கடியையும் குறிக்க இருதரப்பும் ஒருபடித்தாகப் புரிந்துகொள்ளும் சொற்கள் வகுக்கப்படாமையைக் குறிப்பிட்டது. கலைச்சொல் இன்மை ஒரு விபத்து அறிக்கையில் காரணமாகப் பதிவாகியிருக்கிறது என்பதை நம் துறையினர் எத்தனை பேர் அறிவோம்? பின்னாளில் பன்னாட்டு விதிகள் இரண்டு தொடர்களை வரையறுத்தன. ‘மினிமம் ஃபியூயல்’ என்றால் இனி ஒரு தாமதம் கூடினாலும் இறுதி இருப்பில் கைவைக்க நேரிடலாம் என்று பொருள். ‘மேடே ஃபியூயல்’ என்றால் இறுதி இருப்பில் கைவைத்தே இறங்கப்போகிறோம் என்று பொருள். இரண்டுக்கும் நடுவே மங்கலான இடம் ஏதும் விடப்படவில்லை.

திருவனந்தபுரமும் அத்தகைய ஒரு விளிம்பைக் கண்டிருக்கிறது. 2015 ஆகஸ்ட் 18 அன்று தோஹாவிலிருந்து கொச்சிக்கு வந்த ஜெட் ஏர்வேஸ் போயிங் 737 விமானம், பார்வைத்தெளிவு குறைந்ததால் அங்கே மூன்று முறை முயன்றும் இறங்க இயலாமல் இங்கு திருப்பப்பட்டது. இங்கும் தெளிவு குறைந்துகொண்டிருந்தது. மேலும் மூன்று முயற்சிகள் பலிக்கவில்லை. ஏழாம் முயற்சியில் இறங்கியது. எவருக்கும் காயமில்லை. ஆனால் கலத்தில் எஞ்சியிருந்த எரிபொருள் சில நூறு கிலோ மட்டுமே. விதி கேட்கும் முப்பது நிமிட இருப்பைவிட மிகவும் குறைவு. மேலெழும்பித் திரும்புவது ஒவ்வொரு முறையும் சரியான முடிவாக இருக்கலாம். ஆயினும் அவற்றின் எண்ணிக்கைக்கு ஓர் எல்லை உண்டு. அந்த எல்லையை முதல் முயற்சிக்கு முன்பே வகுத்துக்கொள்ள வேண்டும் என்பதை அந்த விடியல் உணர்த்தியது.

இதற்கு நேர்மாறான துயரங்கள் இரண்டும் நம் மேற்குக் கரையில்தான் நிகழ்ந்தன. 2010 மே 22 அன்று துபாயிலிருந்து மங்களூருக்கு வந்த ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் விமானம் உரிய உயரத்தைவிட மிக மேலிருந்து இறங்கத் தொடங்கியது. மேலெழும்பிவிடலாம் என்று துணைவிமானி மூன்று முறை சொன்னது குரல்பதிவுக் கருவியில் பதிவாகியுள்ளது. கேப்டன் இறங்கவே செய்தார். 158 பேர் இறந்தனர். எட்டுப் பேர் பிழைத்தனர். 2020 ஆகஸ்ட் 7 அன்று மழையில் கோழிக்கோட்டுக்கு வந்த அதே நிறுவனத்தின் விமானம், ஒருமுறை மேலெழும்பித் திரும்பி, மறுமுனையில் இறங்க முயன்றது. ஓடுபாதையின் பாதி நீளம் கடந்தபின் சக்கரம் தரை தொட்டது. அங்கும் துணைவிமானி ‘கோ அரவுண்ட்’ என்று சொல்லியிருந்தார். விமானிகள் இருவர் உட்பட 21 பேர் இறந்தனர். மறுநாள் காலை அங்கிருந்து புறப்பட வேண்டிய விமானத்தையும் அதே கேப்டனே ஓட்ட வேண்டியிருந்தது என்பதையும், அந்த நிலையத்தில் போதிய கேப்டன்கள் இல்லை என்பதையும் விசாரணை அறிக்கை துணைக்காரணங்களில் சேர்த்தது.

இவ்விரு விமானங்களும் இறங்காமல் மேலெழும்பி, சற்று நேரம் காத்திருந்து, வேறு ஊருக்குச் சென்றிருந்தால் மறுநாள் நாளிதழ்களில் என்ன தலைப்பு வந்திருக்கும்? ‘தரையிறங்க முடியாமல் வட்டமடித்த விமானம்: பயணிகள் பீதி.’ அந்த 179 பேரும் வீட்டில் அமர்ந்து அச்செய்தியைப் படித்து விமானியைக் குறைகூறியிருப்பார்கள். திரும்பிச் செல்வதைத் தோல்வியாக மட்டுமே பேசத் தெரிந்த மொழி, திரும்ப வேண்டியவரின் தோளில் அறியாமலே ஒரு சுமையை ஏற்றுகிறது. விமானி அறையில் அச்சொல் எவ்வளவு எடையுடையது என்று அளந்து சொல்ல என்னிடம் கருவி இல்லை. அது எடையற்றது என்று மட்டும் நான் நம்பவில்லை.

கடந்த ஆடி மாதத்தில் ஒரு நாள் பின்னிரவு, ஷார்ஜாவிலிருந்து வரும் என் அத்தானை அழைத்துவர வருகைப் பகுதியில் நின்றிருந்தேன். மழை. பலகையில் ‘தாமதம்’ என்று மட்டும் ஒளிர்ந்துகொண்டிருந்தது. அருகில் நின்ற மூதாட்டி ஒருவர், குழித்துறைப் பக்கத்தவர், பேரனின் கைபேசியில் ஓடிய செய்தி வரியைக் காட்டி, “மக்களே, வட்டமடிக்குதுன்னா என்ன அர்த்தம்?” என்று கேட்டார். அண்ணாச்சி வரைந்து காட்டியதை என்னால் இயன்றவரை சொன்னேன். எண்ணெய் கணக்காக இருக்கும், இத்தனை மணிக்கு இறங்கலாம் என்று மேலே சொல்லியிருப்பார்கள், அதுவரை ஆகாவிட்டால் வேறு ஊருக்குப் போய்விடுவார்கள் என்றேன். அவர் முகம் சற்றுத் தெளிந்தது. பிறகு சொன்னார்: “மேல இருக்கவங்களுக்குச் சொல்லியாச்சு சரி. நமக்கு யாரும் சொல்லலியே.” அதற்கு என்னிடம் மறுமொழி இல்லை. முக்கால் மணி நேரம் கழித்து விமானம் இறங்கியது. அவர் மகனும் அதில்தான் வந்தார்.

அந்தக் கேள்வி விமான நிலையத்துக்கு வெளியேயும் என்னைத் தொடர்ந்தது. இதைப் படிக்கும் ஆய்வாளர்களுக்கு விளக்கம் தேவைப்படாது. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2022-ஆம் ஆண்டு விதிமுறைகள் முனைவர் பட்ட ஆய்வுக்கு ஆறு ஆண்டுகளை உச்சவரம்பாக்கி, மறுபதிவின் பேரில் மேலும் இரண்டு ஆண்டுகளை அனுமதிக்கின்றன; பெண்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் கூடுதல் சலுகை உண்டு. இளநிலை ஆய்வு உதவித்தொகை ஐந்து ஆண்டுகளோடு நின்றுவிடுகிறது. ஆக, நம் எரிபொருள் எவ்வளவு என்பது முதல் நாளே தெரியும். எழுதிக் கொடுத்த இயல் எப்போது படித்துத் திருப்பித் தரப்படும் என்பது பல இடங்களில் எவருக்கும் தெரியாது. எனக்குத் தெரிந்த ஒருவரின் மூன்றாம் இயல் பதினான்கு மாதம் ஒரு மேசையில் இருந்தது. ‘பார்க்கலாம்’ என்ற சொல்லே அவருக்குக் கிடைத்த அனுமதி, ஆணை, கால அட்டவணை எல்லாம். அவரும், “ஐயா, கொஞ்சம் முன்னுரிமை கொடுத்தால் நன்றாயிருக்கும்” என்ற அளவிலேயே கேட்டுக்கொண்டிருந்தார். உதவித்தொகை நின்று நான்கு மாதமாயிற்று, வீட்டு வாடகை நிலுவையில் இருக்கிறது என்பதை அவர் சொல்லவில்லை. பணிவு என்று நாம் பயின்றிருப்பது இதைத்தான்.

இரு தரப்பிலும் நல்லவர்களே இருந்தும் காத்திருப்பு இப்படிக் கெட்டுப்போக முடியும். அதனால்தான் வானில் அதை நல்லெண்ணத்தின் பொறுப்பில் விடாமல் விதியாக்கினார்கள். ஒரு நெறியாளர் ‘மார்ச் இறுதிக்குள் படித்துவிடுவேன், இல்லையெனில் இன்னாரிடம் கொடு’ என்று சொல்லிவிட்டால் அது எதிர்பார்ப்பு நேரமும் மாற்று நிலையமும் சேர்ந்த ஒரு முழுமையான ஆணை. ஓர் ஆய்வாளர் ‘ஐயா, ஜூனுக்குப் பிறகு எனக்கு வருமானம் இல்லை’ என்று சொன்னால் அது மரியாதைக்குறைவு ஆகாது, இருப்பைச் சொல்லுதல். அதைச் சொல்லத் தக்க சொல்லும் இடமும் நம் துறைகளில் இருக்க வேண்டும்.

முடிவாக, என் துறை சார்ந்த சிறு பரிந்துரைகள். வட்டமடித்தலுக்கு மாற்றாகக் ‘காத்திருப்புத் தடம்’. எதிர்த்திசையிலிருந்து வந்து நேர்கோட்டில் சேரும் செயலுக்குத் ‘திசை மீள்தல்’. இறங்காமல் மேலெழும்புவதற்கு ‘மறுசுற்று’. எரிபொருளின் கடைசி முப்பது நிமிடத்துக்கு ‘இறுதி இருப்பு’. ‘மேடே’ என்பதை மாற்ற வேண்டியதில்லை. உலகெங்கும் ஒரே பொருளில் ஒலிக்க வேண்டிய சொல் அது. செய்தி எழுதும் நண்பர்களிடம் ஒரு வேண்டுகோள்: மழைக்காலத்தில் அடுத்த முறை இச்செய்தி வரும்போது, விமானம் எத்தனை நிமிடம் காத்திருந்தது, எதனால் காத்திருந்தது, எந்த ஊரை மாற்றாக வைத்திருந்தது என்ற மூன்றையும் கேட்டு எழுதுங்கள். குழித்துறை அம்மா கேட்டது அவ்வளவுதான். மேற்கண்ட சொற்களைவிடப் பொருத்தமான சொற்கள் உங்களிடம் இருந்தால் தெரிவியுங்கள். குறிப்பாக விமானத் துறையில் பணியாற்றும் தமிழர்கள் தமக்குள் வழங்கும் சொற்களை அறிய ஆவலாக உள்ளேன்.